வரப்பும் பாவ அறிக்கையும்

நேயர்களுக்கு வணக்கம். தரங்கம்பாடிப் பக்கத்தில் லுத்தரன் சபைப் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். கத்தோலிக்க நண்பர்கள் தவக்காலம் என்பார்கள். சம்பா அறுத்த வயலில் உளுந்து காய் பிடித்து நிற்கிற இந்த நாட்களில் எங்கள் ஆலயங்களில் பாவம், மன்னிப்பு என்ற பேச்சுதான் அதிகம் கேட்கும். அதையே இங்கேயும் பேச அழைத்திருக்கிறார்கள்.

டீக்கடை நண்பர்கள் என்னைச் சீண்டுவதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். “ஏங்கய்யா, ஞாயித்துக்கிழமை முழங்கால் போட்டா சாமி எல்லாத்தையும் மன்னிச்சிரும்னா, சனிக்கிழமை வரைக்கும் என்ன வேணா செய்யலாம்ல?” கேலிதான். ஆனால் எங்களில் பலர் அந்தக் கணக்கில்தான் வாழ்கிறோம் என்பதால், நான் சிரித்து மழுப்புவதில்லை.

வேதாகமத்தின் முதல் புத்தகத்திலேயே மழுப்பல் தொடங்கிவிடுகிறது. பழத்தைத் தின்றாயா என்று கடவுள் கேட்கிறார். ஆதாம் மனைவியைக் கை காட்டுகிறான். அதோடு விட்டானா? “தேவரீர் தந்த ஸ்திரீ” என்று, கொடுத்தவர் மேலும் பழியில் பாதியைப் போடுகிறான். ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். நமக்கு நேரம் சரியில்லை, சேர்க்கை சரியில்லை, தலையெழுத்து. கிறிஸ்தவர்களுக்குக் கூடுதலாகப் பிசாசு ஒருவன் கைவசம் இருக்கிறான்.

இப்போது புதிதாக ஒன்று பரவியிருக்கிறது: பரம்பரைச் சாபம். தாத்தா செய்த பாவம் பேரனைப் பிடித்திருக்கிறதாம், விசேஷ ஜெபம் செய்து முறிக்க வேண்டுமாம். சுவரொட்டி கூடப் பார்த்திருப்பீர்கள். இதற்கு எசேக்கியேல் தீர்க்கதரிசி கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே பதில் சொல்லிவிட்டார். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களோடு, கேபார் என்ற ஆற்றங்கரையில் இருந்தவர் அவர். அது வெட்டி எடுத்த வாய்க்கால்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு இது கொஞ்சம் நெருக்கமான செய்தி. அந்த ஜனங்களிடம் ஒரு பழமொழி இருந்தது: பிதாக்கள் திராட்சக்காயைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. இனி அந்தப் பழமொழியைச் சொல்லாதீர்கள் என்கிறார் எசேக்கியேல். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை, மகனுடையதைத் தகப்பன் சுமப்பதில்லை. பதினெட்டாம் அதிகாரம் முழுக்க இதுதான்.

அப்படியானால் பத்துக் கட்டளையில், பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பேன் என்று வருகிறதே என்று வேதம் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்பன் குடித்து வைத்த கடன் பிள்ளை தலையில் விடிவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? விளைவு வந்து சேரும். குற்றம் வந்து சேராது என்பதுதான் எசேக்கியேல் சொன்னது. என் வாசிப்பு இது.

சரி, என் பாவம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதை எப்படிச் சொல்வது? “நான் பாவி ஆண்டவரே” என்று சபையோடு சேர்ந்து சொல்வது ரொம்பச் சுலபம். கத்தோலிக்கர்கள் திருப்பலியில் மார்பில் தட்டிக்கொண்டு “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்பார்கள். அழகான வரி. ஆனால் வெளியே வந்து பக்கத்து வயல்காரரிடம், “அண்ணே, ஒவ்வொரு போகமும் வரப்பை உங்க பக்கமா கொஞ்சம் கொஞ்சமா வெட்டினது நான்தான்” என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு எழாது. முறைத் தண்ணீரில் அடுத்தவன் முறை நடக்கும்போது ராத்திரியில் போய் மடையைத் திறந்துவிட்டது, அதனால் கடைமடையில் ஒருவன் பயிர் காய்ந்தது, இதெல்லாம் எந்த ஜெபத்திலும் நான் கேட்டதில்லை. “பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்” என்று வேதாகமத்தின் உபாகமப் புத்தகம் பளிச்சென்று சொல்கிறது. ஒற்றிப்போடுவது என்றால் நகர்த்தி வைப்பது. சாபம் தேடி அலைகிறவர்கள் முதலில் அந்த வசனத்தைப் படிக்கலாம்.

எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சின்ன ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தைத் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு ஆரம்ப நாட்களிலேயே தமிழில் ஆக்கினார். எந்தப் பாவங்களை அறிக்கை செய்வது என்ற கேள்விக்கு அதில் சொல்லியிருப்பது: நீ இருக்கும் நிலையை எண்ணிப் பார். நீ தகப்பனா, தாயா, பிள்ளையா, எஜமானா, வேலைக்காரனா? யாரையாவது சொல்லால், செயலால் நோகடித்தாயா? திருடினாயா, அசட்டையாக இருந்தாயா? எல்லாம் வீட்டுக் கேள்வி, வயல் கேள்வி.

சகேயு கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எரிகோ ஊரில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், குள்ளன், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியவன். யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ஏமாற்றி எடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டு கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். சகேயு அதைத் தாண்டிப் போகிறான். டீக்கடைக் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அவன் பணத்தைப் பேசுவதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். பணம் கொடுத்து மன்னிப்பை வாங்கவில்லை அவன். மன்னிப்பு வீட்டுக்குள் வந்ததும் கை தானாகப் பெட்டியைத் திறக்கிறது. பெட்டி திறக்கவே இல்லையென்றால், உள்ளே வந்தது எது என்று கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எங்கள் சபைகளில் சிலருக்குப் பிடிக்காது. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர் ஒரு நாள் ஜெபக்கூட்டத்தில் அழுகிறார். உடனே மூப்பர்கள் அந்தம்மாவைச் சூழ்ந்துகொண்டு, “கர்த்தரே மன்னிச்சிட்டாரு, நீயும் மன்னிச்சிடும்மா” என்று நெருக்குகிறார்கள். கடவுளின் மன்னிப்பை அடிபட்டவள் மேல் பாரமாக ஏற்றும் உரிமையை யார் கொடுத்தது? தாவீது ராஜா தன் பாவத்தை ஒப்புக்கொண்டதும் நாத்தான் தீர்க்கதரிசி மன்னிப்பை அறிவித்தார். அதற்காக அவன் வீட்டில் விளைவுகள் இல்லாமல் போகவில்லை. அடித்தவர் முதலில் குடியை நிறுத்தட்டும். அவள் பயமில்லாமல் தூங்கட்டும். அவள் எப்போது மன்னிப்பாள் என்பது அவளுடைய காலம்.

கடைசியாக யூதாஸ். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் என்று மட்டும்தான் அவனை நினைவு வைத்திருக்கிறோம். மத்தேயு 27ஆம் அதிகாரத்தைப் படித்தால், நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அவன் செய்திருக்கிறான். யார் மேலும் பழி போடவில்லை. குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று பாவத்தின் பெயரைச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான். போன இடம்தான் தவறிவிட்டது. பாவ நிவாரணத்துக்கென்றே இருந்த ஆசாரியர்கள், “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்றார்கள். அவன் போய் நான்றுகொண்டு செத்தான். காட்டிக்கொடுத்த அந்த இரவில், இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீஷன் பேதுருவும் மனங்கசந்து அழுதான். பிறகு திபேரியா கடற்கரையில், உயிர்த்தெழுந்த இயேசு “என்னை நேசிக்கிறாயா” என்று மூன்று தரம் கேட்டபோது பதில் சொல்ல அவன் உயிரோடு இருந்தான். இன்னும் மூன்று நாள் பொறுத்திருந்தால் யூதாசுக்கும் ஒரு கேள்வி கிடைத்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். இதை ஒத்துக்கொள்ளாத போதகர்கள் உண்டு.

அந்த ஆசாரியர்கள் சொன்ன பதிலை நாங்கள் சொல்லிவிடக் கூடாது. வேளாங்கண்ணியிலும் பூண்டியிலும் பாவசங்கீர்த்தனம், அதாவது ஒருவர் தனியாக வந்து சொல்லும் பாவ அறிக்கை, கேட்கக் கத்தோலிக்கக் குருக்கள் இருக்கிறார்கள். லுத்தரன் சபைகளில் தனிப் பாவ அறிக்கை கிடையாது என்று எங்கள் ஜனங்களே நினைக்கிறார்கள். எங்கள் சபைகளுக்கு அடிப்படையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அதை விட்டுவிடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது; நாங்கள்தான் பழக்கத்தில் விட்டுவிட்டோம். கேட்டுக்கொண்டிருக்கும் சபையார் யாருக்காவது மனதில் அப்படி ஒன்று இருந்தால், உங்கள் போதகர் வீட்டுக்குப் போங்கள். கேட்டதை வெளியே சொல்ல அவருக்கு உரிமை இல்லை. வரப்பு விவகாரமாக இருந்தால், வரும் வழியில் பக்கத்து வயல்காரர் வீட்டிலும் ஏறிவிட்டு வாருங்கள்.

வணக்கம்.