மனநல சிகிச்சையில இருக்கறவங்களுக்கு ஓவியக் குழு நடத்தறீங்களா? முதல்ல மேசையை மாத்துங்க

வணக்கம். மனநல சிகிச்சையில இருக்கறவங்க வாரம் ஒருநாள் கூடி வரைய, களிமண் பிசைய ஒரு குழு ஆரம்பிக்கப் போறவங்களுக்காக இந்த வீடியோ. இந்த மாதிரி குழுக்கள்ல சில வாரத்துலயே ஆள் குறைஞ்சுடும். உடனே "ஆர்வம் இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. மாத்திரையோட விளைவையும் யோசிங்க.

ராத்திரி ஓலான்சபின், குவெட்டியபின் மாதிரி மாத்திரை போடறவங்களுக்கு காலையில மந்தம் இருக்கும். ஒன்பது மணிக்கு வெச்சா எப்படி வருவாங்க? பதினொண்ணுக்கு மேல வைங்க. ரெண்டு மணி நேரம், நடுவுல ஒரு இடைவேளை.

அடுத்தது கை. லித்தியம், வால்ப்ரோயேட் மாதிரி மனநிலையைச் சீரா வைக்கற மருந்து எடுக்கறவங்க சிலருக்கு விரல் நடுங்கும். அவங்க கையில மெல்லிசு பிரஷைக் கொடுத்தா கோடு ஆடும், "எனக்கு வராது"ன்னு எழுந்து போயிடுவாங்க. ஒரு இஞ்ச் பட்டை பிரஷ், ஸ்பாஞ்ச், ஆயில் பேஸ்டல் வைங்க. பிரஷ் கம்புல நுரைப் பஞ்சு சுத்தினா பிடிக்க வசதி. பேப்பரை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிடுங்க. சில மருந்து உட்காரவே விடாது, கால் பரபரக்கும். அதுக்கு நின்னுக்கிட்டே வரையற மாதிரி ஒரு உயர மேசை, கதவுக்குப் பக்கத்துல. வாய் வறண்டு போகும், தண்ணி கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும். யார் என்ன மருந்து எடுக்கறாங்கன்னு கேட்கவே வேண்டாம். எல்லாருக்குமே மேசையை இப்படி வெச்சுடுங்க.

எட்டுலேர்ந்து பத்து பேர், நடத்தறவங்க ரெண்டு பேர். ஒருத்தர் மனசு கலங்கி வெளிய போனா நீங்க கூடப் போகணும், அறையிலயும் ஆள் இருக்கணும்.

முதல் நாள் வெள்ளைத் தாளை நீட்டாதீங்க, மிரட்சியா இருக்கும். பழைய பத்திரிகையைக் கிழிச்சு ஒட்டற வேலையில ஆரம்பிங்க. கத்தரி தேவையில்ல, கையாலயே கிழிக்கலாம். பின்னாடி வர்ற வாரங்கள்ல பிளேடு, லினோ (அச்சு எடுக்கச் செதுக்கற தகடு) வெட்டற உளி வந்தா எண்ணிக் கொடுங்க, எண்ணி வாங்குங்க.

களிமண் ஆளுக்கு அரை கிலோ போதும். ஒரு சென்டிமீட்டர் கனத்துல சமமா தட்டச் சொல்லுங்க. ஒரு பக்கம் மெல்லிசாவும் ஒரு பக்கம் தடியாவும் இருந்தா, மெல்லிசுப் பக்கம் முதல்ல காய்ஞ்சு சுருங்கும், நடுவுல விரிசல் விழும். ஒட்டற இடத்தைக் கீறி, களிமண் குழம்பு தடவி அழுத்தணும். அப்புறம் பிளாஸ்டிக் தாளைத் தளர்வா மூடி மூணு நாலு நாள் மெதுவா காய விடுங்க. அடுத்த வாரம் தன் கிண்ணம் உடைஞ்சு கிடக்கறதைப் பார்க்கறது சின்ன விஷயம் இல்ல. மேசையைத் துடைப்பத்தால பெருக்காதீங்க, களிமண் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால துடைங்க.

"ஏன் கறுப்பா வரைஞ்சீங்க?"ன்னு கேட்காதீங்க. 1946ல இங்கிலாந்தோட நெதர்ன் மருத்துவமனையில ஓவியக்கூடம் நடத்தின எட்வர்ட் ஆடம்சன், படங்களுக்கு விளக்கம் சொல்றதைத் தவிர்த்தார். வரையறவங்க பக்கத்துல இருந்தார், அவ்வளவுதான். ஆனா ஒருத்தர் சாகணும்னு பேசினாலோ எழுதினாலோ நேராவே கேளுங்க. கேட்கறதால அந்த எண்ணம் புதுசா வராது. யாருக்குத் தகவல் சொல்லுவீங்கன்னு முதல் நாளே குழுவுக்குச் சொல்லியிருக்கணும்.

கண்காட்சி வைக்கறதுல நிறைய பேர் சறுக்கறாங்க. ஒவ்வொரு படத்துக்கும் தனி சம்மதம் வாங்குங்க. பேரா, புனைபெயரா, பேரே வேண்டாமா? ஆளைப் படம் எடுக்கறதுக்கு வேற சம்மதம். தொடங்கறதுக்கு முந்தின வாரம் மறுபடியும் கேளுங்க. மனசு உச்சத்துல பறக்கற நேரத்துல "சரி"ன்னவங்க, இறங்கினப்புறம் கூனிப்போறது உண்டு. நோயோட பேர் எந்த அட்டையிலயும் வேண்டாம். படம் வித்தா காசு வரைஞ்சவங்களுக்கு.

பன்னிரண்டு வாரம்னா அதை முதல் நாளே சொல்லுங்க, ஒன்பதாவது வாரத்துலேர்ந்து இன்னும் எத்தனை வாரம் மிச்சம்னு ஞாபகப்படுத்துங்க. பாதியில நின்னவங்க படத்தைத் தூக்கிப் போடாதீங்க. அதே 1946ல ரியோ டி ஜெனிரோ மனநல மருத்துவமனையில ஓவியக்கூடம் திறந்த டாக்டர் நிசே டா சில்வேரா, அங்க உருவான படைப்புகளுக்காக 1952ல ஒரு அருங்காட்சியகமே தொடங்கினாங்க. நமக்கு ஒரு அலமாரி போதும். ஆளுக்கொரு ஃபைல், மேல அவங்க பேர். திரும்பி வர்ற அன்னைக்கு எடுத்துக் கொடுங்க.