வராத எதிரிக்குக் காத்திருந்த படை

முதலில் இந்தச் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முன்வரிசையிலிருந்து அப்படியே பின்னால் அனுப்பிவிடுங்கள், கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள், கல். வெள்ளைக் கல்லில் கடைந்த காளான் தலை மாதிரி இருக்கும், மேல்மூடியை எடுத்தால் உள்ளே ஆஷ்ட்ரே. அல்பேனியாவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்தார், எனக்கு சிகரெட் பழக்கம் இல்லை என்று தெரிந்தும். நம் ஊரில் தலையாட்டி பொம்மை விற்பது போல அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு இதை விற்கிறார்கள். காளான் என்று நினைத்துவிடாதீர்கள், இது பங்கர். உள்ளே பதுங்கிக்கொண்டு சுடுவதற்கான கான்கிரீட் கூண்டு. ஒரு ஏழை நாடு தன் கையில் இருந்த சிமெண்டையும் இரும்பையும் ஆள்பலத்தையும் கொண்டுபோய் இதில் கொட்டிய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

தனித்துப்போன ஒரு கம்யூனிஸ்ட் நாட்டின் ராணுவம் என்று தலைப்புக் கொடுத்ததும் எல்லோரும் வடகொரியா என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள், நோட்டீஸ் அடித்த தம்பிகூட ஏவுகணைப் படம்தான் போட்டிருக்கிறார், பரவாயில்லை. வடகொரியாவுக்காவது ஒரு சீனா உண்டு. 1978க்குப் பிறகு அல்பேனியாவுக்கு அதுவும் கிடையாது. ஒரு பக்கம் கிரீஸ், இன்னொரு பக்கம் அன்றைய யூகோஸ்லாவியா, கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. பரப்பு 28,748 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடச் சின்னது. 1980களில் மக்கள்தொகை ஏறக்குறைய 30 லட்சம்தான். இதை வைத்துக்கொண்டு அமெரிக்கா, சோவியத், யூகோஸ்லாவியா, கடைசியில் சீனா என்று எல்லோரையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நின்றார்கள்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 1939 ஏப்ரல் 7, புனித வெள்ளியன்று முசோலினியின் படை துரஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியதே, அப்போது நாடு இருந்த நிலையைப் பாருங்கள். அரசர் ஸோகுக்கு மகன் பிறந்து இரண்டே நாள், குடும்பத்தோடு கிரீசுக்குத் தப்பிவிட்டார். ராணுவம் என்று பேருக்கு இருந்ததற்கும் இத்தாலிய அதிகாரிகள்தான் அதுவரை பயிற்சி கொடுத்து வந்தார்கள், அப்புறம் அது யாரை எதிர்த்துச் சுடும்? முஜோ உல்சினாக்கு என்கிற கடற்படை சார்ஜென்ட் ஒருவர் இயந்திரத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு துறைமுகத்திலேயே நின்று சுட்டு அங்கேயே செத்தார். பக்கத்தில் சில பேர் நின்றார்கள். ஒரு வாரத்துக்குள் நாடே கைமாறிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த தலைமுறைதான் பிறகு ஆட்சிக்கு வந்தது.

அடுத்த ஐந்தாறு வருஷம்தான் அவர்களுடைய உண்மையான ராணுவ வரலாறு, பெருமைப்படவும் அதில் விஷயம் இருக்கிறது. 1941 நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி, 1943 ஜூலையில் படைத் தலைமையகம், ஆகஸ்ட் 15ஆம் தேதி வித்குச் என்கிற மலைக் கிராமத்தில் முதல் படைப்பிரிவு. அதற்குத் தளபதி மெஹ்மத் ஷேஹு, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய ஆள், இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் படைக்கும் அரசியல் கமிசார், அதாவது கட்சி சார்பில் படையைக் கண்காணிக்கிறவர், என்வர் ஹோஜா, பிறகு சாகும்வரை நாட்டை ஆண்டவர். ஆலோசனைக்கு யூகோஸ்லாவியத் தோழர்கள் வந்தார்கள், ஆயுதங்களில் ஒரு பங்கை பிரிட்டிஷ் விமானங்கள் பாராசூட்டில் போட்டன, ஆனால் சண்டை போட்டது இவர்கள்தான். இத்தாலி சரணடைந்து ஜெர்மானியர்கள் வந்தார்கள், மலையில் ஏறி, இறங்கி, அடித்துவிட்டு மறைந்து, பட்டினி கிடந்து, 1944 நவம்பர் 17இல் தலைநகர் திரானாவைப் பிடித்தார்கள். சோவியத் செம்படை இந்த நாட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. கிழக்கு ஐரோப்பாவில் மற்றவர்கள் இதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஜெயித்த விதத்தைக் கவனியுங்கள். ஓர் இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்து ஜெயித்தார்கள். பிறகு நடந்ததெல்லாம் இதற்கு நேர் எதிர்.

ஆட்சிக்கு வந்ததும் கப்பல் தகராறு. 1946 அக்டோபர் 22, கோர்ஃபு கால்வாயில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கி 44 பேர் செத்தார்கள். ஹேகில் இருக்கிற சர்வதேச நீதிமன்றம் விசாரித்த முதல் வழக்கே இதுதான். அல்பேனியா பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது, 8 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு, இவர்கள் பல பத்தாண்டுகள் கொடுக்கவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் 1949இலிருந்து ஆட்களைப் பயிற்சி கொடுத்து உள்ளே இறக்கிப் பார்த்தன, இறங்கியவர்களில் பலர் இறங்கின இடத்திலேயே பிடிபட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அல்பேனியாவோடு இருந்த போர் நிலை சட்டப்படி முடிந்தது என்று கிரீஸ் அறிவித்ததே 1987இல்தான். ஆகவே பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது, அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

கூட்டாளிகள் விஷயத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். 1948இல் யூகோஸ்லாவியாவோடு முறிவு, சோவியத் பக்கம் சாய்ந்தார்கள், 1955இல் சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். புதிய சோவியத் தலைவர் குருஷ்சேவ், செத்துப்போன ஸ்டாலினைத் திட்டியதும் ஹோஜாவுக்குக் கசந்துவிட்டது. வ்லோரா வளைகுடாவில் பாஷா லிமான் என்ற தளத்தில் 12 சோவியத் நீர்மூழ்கிகள் நின்றன, 1961இல் சண்டை முற்றியதும் சோவியத் மாலுமிகள் 8 கப்பலை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், மீதி நாலை இவர்கள் விடவில்லை. கோவித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறவள் பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டு போவது மாதிரி. அதன்பிறகு சீனா. விமானம், டாங்கி, துப்பாக்கித் தொழிற்சாலை எல்லாம் சீனா கொடுத்தது. 1968இல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்த உடனே வார்சா ஒப்பந்தத்திலிருந்து முறைப்படி விலகினார்கள். அமெரிக்க அதிபர் நிக்சன் பீகிங் போனதும் சீனாவோடும் கசப்பு, 1978இல் சீனா உதவியை நிறுத்தியது. சீன விமானங்கள் கையில், உதிரிபாகம் கொடுக்க ஆள் இல்லை.

இதற்கு நடுவே 1966இல் ராணுவத்தில் பதவிப் பட்டங்களையே ஒழித்துவிட்டார்கள். கர்னல், மேஜர், கேப்டன் எதுவும் கிடையாது, தோள்பட்டையில் நட்சத்திரம் கிடையாது, எல்லோரும் தோழர் கமாண்டர். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் ஒரு நொடி பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பட்டம் போன இடத்தில் அரசியல் கமிசார் வந்து உட்கார்ந்துவிட்டார், கமாண்டர் உத்தரவு போட்டால் அதற்குக் கட்சி தலையாட்டவேண்டும். 1991 வரைக்கும் இப்படித்தான் ஓடியது. சாதாரண ஜனங்களுக்கும் ஓய்வில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளிகள், பெண்கள் எல்லோருக்கும் வருஷா வருஷம் ராணுவப் பயிற்சி உண்டு, அதற்கு ஸ்போர் என்று பெயர். ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் துப்பாக்கி என்பதுதான் கோஷம்.

சரி, பங்கருக்கு வருவோம், ஆஷ்ட்ரே இப்போது எந்த வரிசையில் இருக்கிறது? மக்கள் பேச்சிலும் பத்திரிகைகளிலும் ஏழரை லட்சம் பங்கர் என்றுதான் அடிபடும். ஆவணங்களைப் புரட்டியவர்கள் சொல்வது சுமார் 1,73,000. அதுவே போதும், சதுர கிலோமீட்டருக்கு ஆறு வருகிறது. வடிவமைத்த பொறியாளர் யோசிஃப் ஸகாலி, இவரும் பழைய கெரில்லாப் போராளிதான். குண்டு வந்து பட்டால் வழுக்கி ஓடட்டும் என்றுதான் உருண்டையாகக் கட்டினார். துண்டு துண்டாகத் தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவந்து குழியில் இறக்கிப் பொருத்துவார்கள். சின்ன ரகத்தில் ஒரு ஆள் துப்பாக்கியோடு நிற்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் மூச்சு முட்டும். குனிந்து நுழைந்தால் உள்ளே இருட்டு, எதிரே ஒரு கை நுழைகிற மாதிரி ஒரு பிளவு, அதன் வழியாகத் தெரிகிற வயல் துண்டுதான் அந்தச் சிப்பாயின் போர்க்களம். பக்கத்துப் பங்கரில் இருப்பவனோடு பேச வயர்லெஸ் கிடையாது. குழுத் தலைவரிடம் மட்டும் ரேடியோ, அவர் பிளவு வழியாக சைகை காட்டவேண்டும், இவர்கள் பிளவு வழியாக அதைப் பார்க்கவேண்டும். புகை மூட்டத்தில், குண்டு வெடிக்கிற சத்தத்தில், யார் யாருடைய சைகையைப் பார்ப்பது?

கடற்கரையில், திராட்சைத் தோட்டத்தில், மலைச்சரிவில், கல்லறைக்கு நடுவில், எங்கே பார்த்தாலும் இதுதான். தோட்டத்துக் கம்பங்களின் உச்சியைக்கூடக் கூராக்கி வைத்தார்கள், பாராசூட்டில் இறங்குபவன் அதில் குத்திக்கொள்ளட்டும் என்று. ஹோஜாவுக்கென்று திரானாவுக்கு வெளியே ஐந்து தளத்தில் 106 அறைகளோடு ஒரு பாதாள மாளிகை, இப்போது அது மியூசியம். முதல் பங்கரைச் செய்துவிட்டு உறுதி என்று சொன்ன பொறியாளரை உள்ளே நிற்கவைத்து டாங்கியால் சுட்டுப் பார்த்தார்கள், அவர் கிறுகிறுத்து வெளியே வந்தார் என்று ஒரு கதை அங்கே எல்லோரும் சொல்வார்கள். கதைதான், ஆனால் நிஜத்தில் ஸகாலிக்கு நடந்தது அதைவிட மோசம். 1974இல் நாசவேலை என்று குற்றம் சாட்டி எட்டு வருஷம் சிறையில் போட்டார்கள். அவர் உள்ளே இருந்தபோதும் அவருடைய பங்கர்கள் வெளியே முளைத்துக்கொண்டே இருந்தன.

அதே வருஷம் பெரிய தலைகளும் உருண்டன. 1953இலிருந்து பாதுகாப்பு அமைச்சராக இருந்த பெகிர் பலூக்கு, முப்படைத் தலைமை அதிகாரி பெட்ரித் டூமே, ராணுவ அரசியல் துறைத் தலைவர் ஹிட்டோ சாக்கோ, மூவரையும் சதிகாரர்கள் என்று பிடித்து 1975இல் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் மேல் வைத்த குற்றங்களில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய படையெடுப்பு வந்தால் எல்லையையும் சமவெளியையும் விட்டுக்கொடுத்துவிட்டு மலைக்கு ஏறி அங்கிருந்து அடிக்கலாம் என்று யோசித்தார்களாம். அடப்பாவிகளா, 1943இல் எல்லோரும் சேர்ந்து செய்ததே அதுதானே! மலையில் ஏறி ஜெயித்த ஹோஜாவே, முப்பது வருஷம் கழித்து மலைக்குப் போகலாம் என்று சொன்னவனைத் துரோகி என்று சுடுகிறார். ஒரு அங்குலம்கூட விடக்கூடாது என்றால் அங்குலத்துக்கு ஒரு பங்கர் கட்டத்தானே வேண்டும்.

பலூக்குவுக்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சர் யார்? ஞாபகம் வைக்கச் சொன்னேனே, மெஹ்மத் ஷேஹு, ஏற்கெனவே பிரதமரும் அவரே. 1981 டிசம்பரில் வீட்டில் குண்டடிபட்டுச் செத்துக் கிடந்தார், தற்கொலை என்றார்கள், பிறகு அமெரிக்கா, சோவியத், யூகோஸ்லாவியா எல்லாருக்கும் உளவாளி என்றார்கள். அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கத்ரி ஹஸ்பியு, அவரை 1983இல் சுட்டார்கள். வரிசையாக மூன்று பாதுகாப்பு அமைச்சர்கள், ஒருவர்கூட ஒழுங்காக ஓய்வுபெறவில்லை. அவர்களுக்கு முன்னால் 1953 வரை அந்தப் பதவியை வைத்திருந்தது ஹோஜாவேதான், அவர் மட்டும் 1985இல் இயற்கையாக இறந்தார்.

இத்தனை வருஷத்தில் பங்கரிலிருந்து படையெடுத்து வந்த ஒருவனைப் பார்த்துக்கூடச் சுடவில்லை. எல்லைக் காவல் படை சுட்டது பெரும்பாலும் வெளியே தப்பியோடிய சொந்த ஜனங்களைத்தான். 1991 ஆகஸ்டில் துரஸ் துறைமுகத்தில் வ்லோரா என்ற சரக்குக் கப்பலில் ஏறி சுமார் 20,000 பேர் இத்தாலிக்குப் போனார்களே, கொடிமரத்தில்கூட ஆள் தொங்கிய அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கரை முழுக்கக் கடலைப் பார்த்தபடி பங்கர்கள் இருந்தன.

அப்புறம் 1997. ஏலச்சீட்டு மாதிரி, அதைவிடப் பேராசை காட்டுகிற பண முதலீட்டு மோசடிக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன, வீடு மாடு விற்றுப் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள், கோபத்தில் ஆயுதக் கிடங்குகளை உடைத்தார்கள். ராணுவம் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டது, யாரும் தடுக்கவில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகள் போயின, அதில் ஒரு பங்கு எல்லை தாண்டி கொசோவோ போராளிகளிடம் போய்ச் சேர்ந்தது. மக்கள் படை, ஆளுக்கொரு துப்பாக்கி என்று ஹோஜா சொன்னது ஒருவழியாக நடந்தது, செத்தவர்கள் 2,000 பேர் வரை. அந்த ஏப்ரலில் ஐ.நா. அனுமதியோடு நிலைமையைச் சமாளிக்க வெளிநாட்டுப் படை வந்தது. தலைமை இத்தாலி. இறங்கிய இடம் துரஸ் துறைமுகம். 1939இல் வந்த அதே ஏப்ரல் மாதம், அதே கரை. பங்கர்களுக்குள் ஆடு கட்டியிருந்தார்கள்.

மிச்சமிருந்ததைச் சுத்தம் பண்ணவே பல வருஷம் ஆனது. மலையில் மறந்துபோய்க் கிடந்த 16 டன் ரசாயன ஆயுதத்தை 2007இல் அழித்து முடித்தார்கள், கைவசம் இருந்ததாக அறிவித்த அத்தனையையும் அழித்த முதல் நாடு அதுதான், அந்தப் பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும். 2008 மார்ச்சில் கெர்தெட்ஸ் என்ற ஊரில் பழைய வெடிபொருளைப் பிரித்துக்கொண்டிருந்த கிடங்கு வெடித்து 26 பேர் செத்தார்கள். 2009இல் நேட்டோவில் சேர்ந்தார்கள். ஸ்டாலின் நகரம் என்று ஒருகாலத்தில் பெயர் வைத்திருந்த குச்சோவாவின் விமானதளம் 2024இல் நேட்டோ தளமாகத் திறந்தது. மலையைக் குடைந்து போர்விமானம் ஒளித்துவைத்த ஜியாதர் தளத்தில் இப்போது இத்தாலி தனக்கு வேண்டாத அகதிகளை அடைத்துவைக்க முகாம் நடத்துகிறது.

பங்கரை எடுப்பதுதான் கஷ்டம். ஸகாலி அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டார். உள்ளிருக்கும் கம்பிக்காகச் சிலர் உடைக்கிறார்கள், சம்மட்டியால் நாள் கணக்கில் அடிக்கவேண்டும். செமான் என்ற கடற்கரையில் சில பங்கர்கள் தண்ணீருக்குள் சரிந்து, அதைச் சுற்றிச் சுழல் உண்டாகி, 2008இல் குளிக்கப் போனவர்களில் ஐந்து பேராவது மூழ்கிப் போனார்கள். அதன்பிறகு ராணுவமே இறங்கியது. சீனா கொடுத்த பழைய டாங்கிகளைக் கொஞ்சம் மாற்றிச் சங்கிலி கட்டி ஒவ்வொன்றாக இழுத்தார்கள். டாங்கி வந்தால் தடுப்பதற்கென்று கட்டிய பங்கர் கடைசியில் ஒரு டாங்கியை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான், பல இடங்களில் அது உடனே அசைந்தும் கொடுக்கவில்லை.

ஆஷ்ட்ரேயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடி தனியாக வரும், இரண்டையும் பார்த்துக் கொடுங்கள்.