சின்னக் குழாயில் விரியும் வானம்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கி வாங்கிய புதிதில் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "நிலவைப் பார்த்துவிட்டேன். வியாழனையும் எப்படியோ ஒருநாள் பிடித்துவிட்டேன். அதற்குமேல் எதைத் தேடினாலும் வெறும் இருட்டுத்தான்." இப்படிச் சொல்பவர்களின் தொலைநோக்கி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயைத்தான் அவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள். ஃபைண்டர் என்று சொல்கிறோமே, அந்தத் தேடு தொலைநோக்கியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பலரும் அதைத் துணைக்கருவியாக எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அதுவும் ஒரு முழுமையான தொலைநோக்கி. வானத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்குப் பெரிய குழாயைவிட அதிகம் சொல்லிக்கொடுப்பது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இருட்டு ஏன் தெரிகிறது? தொலைநோக்கியின் குவியத் தொலைவு, அதாவது ஒளியைத் திரட்டும் வில்லையிலிருந்தோ ஆடியிலிருந்தோ பிம்பம் விழும் இடம் வரையுள்ள தொலைவு, 1000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள கண்ணருகு வில்லையைப் பொருத்தினால், 1000ஐ 10ஆல் வகுக்க, உருப்பெருக்கம் 100 மடங்கு. அப்போது தெரியும் வானத்தின் அகலம் சுமார் அரை டிகிரி. முழு நிலவின் அகலமும் அவ்வளவுதான். தலைக்குமேல் கவிந்திருக்கும் அரைக்கோள வானத்தின் பரப்பைக் கணக்கிட்டால், அதில் இப்படிப்பட்ட வட்டங்கள் ஒரு இலட்சத்துக்கும் அதிகமாக அடங்கும். அவற்றுள் ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கும் மங்கலான நெபுலாவை, அதாவது விண்வெளி வாயுப் படலத்தை, குத்துமதிப்பாகத் திருப்பிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஃபைண்டர் காட்டுவதோ 5 முதல் 7 டிகிரி வரை. 6 டிகிரி என்று கொண்டால், ஒரு இலட்சம் என்பது ஏறக்குறைய 730 ஆகச் சுருங்கிவிடுகிறது. கண்ணால் குறிபார்த்துத் திருப்பினாலே இலக்கு பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் வந்து விழுந்துவிடும்.

ஃபைண்டரின் மேல் 6×30 என்றோ 8×50, 9×50 என்றோ எழுதியிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டில் முக்கியமானது இரண்டாவது எண். இருட்டுக்கு நன்கு பழகிய இளம் கண்ணின் பாவை சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். 50 மில்லிமீட்டர் வில்லை அதைப்போல் 50 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. 30 மில்லிமீட்டர் வில்லை 18 மடங்கு. நகர வெளிச்சத்தில் இருந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. வெறும் கண்ணுக்கு நான்கைந்து நட்சத்திரங்களே தெரியும் வானத்தில்கூட 50 மில்லிமீட்டர் ஃபைண்டர் வழிகாட்டப் போதுமான நட்சத்திரங்களைக் காட்டிவிடும்.

மலிவான தொலைநோக்கிகளோடு வரும் 5×24 வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பலவற்றில் முன்னால் இருப்பது ஒற்றை வில்லை. அதன் நிறப்பிழையை, அதாவது நட்சத்திரத்தைச் சுற்றி நிறங்கள் பிரிந்து தெரியும் குறையை, மறைப்பதற்காக, வில்லைக்குப் பின்னால் சிறு துளையிட்ட தட்டு ஒன்றை வைத்து, வரும் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறார்கள். நல்ல ஃபைண்டரில் இருவகைக் கண்ணாடிகளால் ஆன இரட்டை வில்லை இருக்கும். புதிதாகக் கண்ணருகு வில்லை வாங்கலாமா, நல்ல ஃபைண்டர் வாங்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் ஃபைண்டரைத்தான் சொல்வேன்.

அதன் உள்ளே தெரியும் குறுக்குக் கம்பிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. கலிலியோவின் தொலைநோக்கியில் கண்ணருகே இருந்தது குழிவில்லை. அதில் குழாய்க்குள் பிம்பம் எங்கும் விழுவதில்லை. ஆகவே கம்பி வைக்க இடமே இல்லை. 1611இல் வானியலாளர் கெப்ளர் இரண்டு குவிவில்லைகளைக் கொண்ட அமைப்பை விளக்கினார். அதில் பிம்பம் குழாய்க்குள்ளேயே விழும். 1640 வாக்கில் இங்கிலாந்தின் வில்லியம் காஸ்காயின் தம் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழுத்திருந்த நூல், வெளியே உள்ள காட்சியோடு சேர்ந்து கூர்மையாகத் தெரிவதைக் கண்டார். பிம்பம் விழும் தளத்திலேயே நூலும் இருந்ததுதான் காரணம். தொலைநோக்கியால் துல்லியமாகக் குறிபார்க்கும் வழி அந்தச் சிலந்தி நூலிலிருந்து பிறந்தது. அதைக் கண்ட அந்த இளைஞர் 1644இல் உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் என்ற இடத்தில் உயிரிழந்துவிட்டார். முப்பது வயதை ஒட்டிய பருவம். அவர் இன்னும் கொஞ்சம் வாழ்ந்திருக்கக் கூடாதா என்று அந்தக் கம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதல் வேலை, குவியம் சரிசெய்வது. ஃபைண்டரில் நட்சத்திரங்கள் உப்பிப்போய்த் தெரிந்தால் அது அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முன்பக்க வில்லை பொருந்தியிருக்கும் வளையத்துக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு பூட்டு வளையம் இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு, வில்லையோடு சேர்ந்த முன்வளையத்தை மெல்லத் திருகுங்கள். நட்சத்திரம் ஊசிமுனைப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்திப் பூட்டு வளையத்தை இறுக்கிவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும். வேறு சில வகைகளில் கண்ணருகு வில்லையையே திருப்பிச் சரிசெய்யலாம்.

அடுத்தது, ஃபைண்டரும் பெரிய குழாயும் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி இணைப்பது. இதை இருட்டில் தொடங்காதீர்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே, தொலைவில் உள்ள கோபுர உச்சியையோ மின்கம்பத்தின் நுனியையோ பெரிய தொலைநோக்கியில், மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில், நடுவில் கொண்டுவாருங்கள். குழாய் அசையாதபடி பூட்டுங்கள். பிறகு ஃபைண்டரைத் தாங்கும் வளையத்தின் திருகுகளைத் திருப்பி, அதே நுனி குறுக்குக் கம்பிகள் சந்திக்கும் இடத்தில் வரும்படி செய்யுங்கள். மூன்று திருகுகள் இருந்தால் ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்க வேண்டும். இரண்டு திருகும் ஒரு சுருள்வில்லும் உள்ள வகை எளிது. வில் தானாகவே விட்டுக்கொடுக்கும். பின்னர் பெரிய தொலைநோக்கியில் உருப்பெருக்கத்தைக் கூட்டி, இன்னொருமுறை சரிபாருங்கள்.

தொலைவு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு குழாய்களுக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பத்தை வைத்து இணைத்தால், வானத்தைப் பார்க்கும்போது டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிசகு வரும். அரை டிகிரி வட்டத்தில் அது ஆறில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள பொருளை வைத்தால் பிழை பத்தில் ஒன்றாகிவிடும்.

இரவு வந்ததும் ஒரு நட்சத்திரத்தில் கடைசித் திருத்தம் செய்யலாம். துருவ நட்சத்திரம் தெரியும் இடத்தில் இருப்பவர்களுக்கு அதுவே சிறந்தது, ஏனென்றால் அது நகர்வதே தெரியாது. நடுவானத்தில் உள்ள மற்ற நட்சத்திரங்கள் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி நகர்கின்றன. அரை டிகிரி வட்டத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். திருகோடு போராடிக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரம் ஓடிவிடும்.

இங்கே நிறுத்தி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பகலில் இந்த வேலையைச் செய்யும்போது சூரியன் இருக்கும் பக்கமே குழாயைத் திருப்பாதீர்கள். முறையான சூரிய வடிகட்டியைப் பெரிய தொலைநோக்கியின் வாயில் பொருத்திச் சூரியனைப் பார்ப்பவர்கள்கூட ஃபைண்டரை மறந்துவிடுவது உண்டு. அந்தச் சின்ன வில்லைக்கு வடிகட்டி இருக்காது. அதில் கண் வைத்தால் ஒரு நொடியில் பார்வை போய்விடும். ஆர்வத்தோடு அருகில் நிற்கும் குழந்தை முதலில் எட்டிப்பார்ப்பது, தன் உயரத்துக்கு எட்டும் அந்தச் சின்னக் குழாயில்தான். சூரியனைப் பார்ப்பதற்கு முன் ஃபைண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். மூடிபோட்டால் போதும் என்பார்கள். மூடி கழன்று விழக்கூடும், கழற்றுவதே நல்லது.

நேராகப் பார்க்கும் ஃபைண்டரில் காட்சி தலைகீழாகத் தெரியும். இடமும் வலமும் மாறும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம். வான்படத்தையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் இரண்டும் பொருந்திவிடும். நேராகப் பார்க்கும் வகையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: இரண்டு கண்களையும் திறந்துவையுங்கள். ஒரு கண் ஃபைண்டருக்குள், மற்றக் கண் வெளியே வானத்தில். குழாயை நகர்த்தினால், வெறும் கண்ணில் தெரியும் நட்சத்திரத்தின் மேல் குறுக்குக் கம்பிகள் மெல்ல வந்து அமர்வதைப் பார்க்கலாம். உச்சிவானத்தைப் பார்க்கும்போது கழுத்து நோகும் என்பதுதான் இதன் குறை. நேர்ப்பிம்பம் காட்டும் முப்பட்டகம் வைத்து 90 டிகிரி வளைத்த வகை கழுத்தைக் காப்பாற்றும். படமும் வானத்தில் உள்ளபடியே தெரியும். ஆனால் வானத்தை நோக்கிக் குறிபார்க்க முடியாது. அதோடு உருப்பெருக்கம் இல்லாத சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. சாதாரண சாய்கண்ணாடி உள்ள வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் இடவலம் மட்டும் மாறும். படத்தை எப்படித் திருப்பினாலும் பொருந்தாது.

இனி வானத்தில் நடப்போம். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து அமைக்கும் பெரிய சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு நட்சத்திர வரிசை கிளம்பும். மூலை நட்சத்திரத்தை விட்டுவிட்டு, அந்த வரிசையில் அடுத்துவரும் பிரகாசமான நட்சத்திரம் மிராக். அதை ஃபைண்டரின் விளிம்பருகே வைத்துவிட்டு வடமேற்காகப் பாருங்கள். 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவான தொலைவில், சற்று மங்கலான இன்னொரு நட்சத்திரம். அதே திசையில் இன்னும் 3 டிகிரி போனால், அதைவிட மங்கலான மூன்றாவது. அங்கே நில்லுங்கள். ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக மேற்கே, நீள்வட்டமாக ஒரு புகைப்படலம் தெரியும். அதுதான் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. அந்த ஒளி கிளம்பி 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பெரிய தொலைநோக்கியில் அதன் நடுப்பகுதி மட்டுமே தெரியும். அது சாய்ந்து நீண்டு கிடக்கும் முழு வடிவத்தை, இருண்ட வானத்தில், ஃபைண்டரில்தான் உணர முடியும்.

இலக்கே தெரியாதபோதும் ஃபைண்டர் கைகொடுக்கும். அபிஜித் நட்சத்திரத்தின் அருகே ஒரு சாய்சதுரம் உண்டு. அதன் தெற்குக் கோடியில் 2 டிகிரி இடைவெளியில் இரண்டு நட்சத்திரங்கள். அவற்றுக்கு நடுவே வளைய நெபுலா இருக்கிறது. ஃபைண்டரில் அது கண்ணுக்கே படாது, பட்டாலும் வெறும் நட்சத்திரம்போல்தான் இருக்கும். ஆனால் இரண்டு நட்சத்திரங்களும் தெரிகின்றன அல்லவா? குறுக்குக் கம்பிகளை அவற்றின் நடுவிலிருந்து சற்று மேற்கு நட்சத்திரத்தின் பக்கமாக வையுங்கள். பெரிய தொலைநோக்கியில் ஒரு சிறு புகைவளையம் காத்திருக்கும். இன்னும் எளிதானது கேட்டை. அந்தச் செந்நிற நட்சத்திரத்துக்கு மேற்கே ஒன்றேகால் டிகிரியில் எம் 4 என்ற கோளக் கொத்து (பந்துபோல் நெருங்கித் திரண்ட நட்சத்திரக் கூட்டம்), சுமார் 6000 ஒளியாண்டு தொலைவில். நல்ல இருட்டில் 50 மில்லிமீட்டர் ஃபைண்டரிலேயே வட்டமான மங்கல் ஒளியாகத் தெரியும்; நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் இன்னும் துலங்கும்.

ஆனால் தேடுவதற்கு மட்டும் ஃபைண்டரை வைத்துக்கொள்வது அதற்கு இழைக்கும் அநியாயம். கார்த்திகைக் கூட்டம் வானத்தில் ஏறக்குறைய 2 டிகிரி பரந்து கிடக்கிறது. பெரிய தொலைநோக்கி அதைத் துண்டு துண்டாக்கிவிடும். ஃபைண்டர் முழுதாகக் காட்டும். விருச்சிகத்தின் கொடுக்கருகே எம் 6, எம் 7 என்று இரண்டு நட்சத்திரக் கொத்துகள் 4 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. இரண்டாவதைப் பண்டைய வானியலாளர் தாலமி 2ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்திருக்கிறார். பால்வீதியின் பின்னணியில் இரண்டும் ஒரே வட்டத்தில் சேர்ந்து நிற்கும் காட்சியை எந்தப் பெரிய தொலைநோக்கியாலும் தர முடியாது. 1610இல் கலிலியோ கார்த்திகையில் 36 நட்சத்திரங்களைக் கண்டு வரைந்தார். அவருடைய கருவியில் வில்லையின் விளிம்பை மறைத்து நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தினார்; முழு நிலவைக்கூட அது ஒரே பார்வையில் காட்டவில்லை. உங்கள் ஃபைண்டர் அதைவிட அதிக ஒளியைத் திரட்டுகிறது, நிலவைப்போல் பத்து மடங்கு அகலத்தைக் காட்டுகிறது.

கிரகம் ஒன்றையும் அதைக்கொண்டு பின்தொடரலாம். யுரேனஸ் 50 மில்லிமீட்டர் ஃபைண்டரில் எளிதாகவே தெரியும். நெப்டியூனையும் இருண்ட வானத்தில் பார்க்கலாம். 1612 டிசம்பரில் கலிலியோ வியாழனுக்கு அருகே நெப்டியூனைப் பார்த்து நட்சத்திரம் என்றே குறித்துக்கொண்டார். 1846இல்தான் அது கிரகமாக அறியப்பட்டது. யுரேனஸ் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். வான்படம் காட்டும் இடத்துக்கு ஃபைண்டரைத் திருப்பி, வட்டத்துக்குள் தெரியும் எல்லாப் புள்ளிகளையும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். எது கிரகம் என்று அன்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி வரையுங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் நிலவின் அகலத்தில் பாதியளவு இடம் மாறியிருக்கும். அதுதான் யுரேனஸ்.

வணக்கம்.