பன்னிரண்டு பேரை விட்டுவிட்டு வரமாட்டோம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், ராத்திரியெல்லாம் வெளிநாட்டு மேட்ச் பார்த்துவிட்டுக் காலையில் ஆபீஸில் கண்ணசரும் அவையோருக்கும் வணக்கம்.

வாஸ்கோ ட காமா கால்பந்துக் கிளப்புக்குப் பெருமை சேர்த்தது வென்ற கோப்பைகளா, எழுதிய கடிதமா? இதுதான் தலைப்பு. நான் கடிதத்துக்காக வந்திருக்கிறேன்.

வாஸ்கோ ட காமா என்றதும் நமக்குப் பள்ளிக்கூடப் புத்தகம்தான் ஞாபகம் வரும். மிளகு வாங்கக் கோழிக்கோட்டுக்கு 1498-இல் கப்பலில் வந்தாரே, அவரேதான். அந்தப் பயணத்தின் 400-வது ஆண்டில், 1898 ஆகஸ்ட் 21 அன்று, ரியோ டி ஜெனீரோவில் குடியேறியிருந்த போர்த்துகீசியர்கள் ஒரு கிளப் ஆரம்பித்து அவர் பெயரை வைத்தார்கள். கால்பந்துக்காக இல்லை, படகுப் போட்டிக்காக! பந்து உதைக்க ஆரம்பித்ததெல்லாம் பிறகு. 1916-இல் முதல் ஆட்டம் ஆடினார்கள். 10-1 என்று தோற்றார்கள். எங்கள் தெரு டீம்கூட அப்படித் தோற்றதில்லை ஐயா.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி பெரிய பட்டியலோடு வந்தார். 1948-இல் சான்டியாகோவில் தென் அமெரிக்க சாம்பியன் கிளப்புகளின் போட்டியில் ஒரு ஆட்டமும் தோற்காமல் வென்றது. 1974, 1989, 1997, 2000 என்று நான்கு முறை பிரேசில் சாம்பியன். கிளப்புக்கு நூறு வயது நிறைந்த அதே மாதத்தில், தென் அமெரிக்கக் கிளப்புகளின் பெரிய போட்டியான லிபர்டடோரஸ் கோப்பை, 1998-இல். எல்லாம் உண்மை. 2000-இல் மெர்கோசூர் என்ற இன்னொரு தென் அமெரிக்கக் கிளப் போட்டியின் இறுதி ஆட்டத்தை அவர் சொன்னபோது எனக்கே புல்லரித்தது. எதிராளி பால்மெய்ராஸ் கிளப்பின் மைதானத்தில் இடைவேளைக்குள் 3-0 பின்னடைவு, அதன்பின் 4-3 வெற்றி, ரொமாரியோ மூன்று கோல். அதே ரொமாரியோ 2007-இல் வாஸ்கோவின் சொந்த மைதானத்தில் ஆயிரமாவது கோல் அடித்ததையும் தம்பி சொன்னார். அந்த ஆயிரத்தை அவர் எப்படி எண்ணினார் என்பதற்கு இன்னொரு பட்டிமன்றம் வைக்க வேண்டும். இருக்கட்டும்.

தம்பி, உங்களிடம் ஒரே கேள்வி. அதே ரியோவில் இருக்கிற ஃபிளமெங்கோவிடம் கோப்பை இல்லையா? உங்கள் வாஸ்கோவைவிட அதிகமாகவே இருக்கிறது. எண்ணிக்கைதான் பெருமை என்றால் இந்த மேடையில் வாஸ்கோவைப் பற்றி ஏன் பேசுகிறோம்? எழுந்து அவர்களுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமே! ஃபிளமெங்கோவிடம் இல்லாத ஒன்று வாஸ்கோவிடம் இருக்கிறது. ஒரு கடிதம்.

அந்தக் கடிதம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அன்றைக்கு ரியோவில் கால்பந்து பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. கால்பந்தால் சம்பாதிக்கக் கூடாது, அது கௌரவமான விளையாட்டு என்று விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அப்பா காசில் சாப்பிடுகிறவனுக்கு அந்த விதியால் என்ன நஷ்டம்? கூலிக்குப் போகிறவனுக்குத்தான் அது பூட்டு.

வாஸ்கோ 1922-இல் ரியோ லீகின் இரண்டாம் பிரிவில் ஜெயித்து மேலே வந்தது. அந்த அணியில் யார் இருந்தார்கள்? கோல்கீப்பர் நெல்சன் டாக்சி ஓட்டியவர், கறுப்பர். சேசி சுவருக்கு வண்ணம் அடித்தவர். நிகோலினோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பொலாவ் லாரி ஓட்டியவர். உருகுவேக்காரர் ரமோன் பிளாத்தேரோ பயிற்சியாளர். ஓட வைத்தே ஆளைக் கொன்றுவிடுவார். முதல் பாதியில் பின்தங்கினாலும் பரவாயில்லை, இரண்டாம் பாதியில் சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும், இவர்கள் அப்போதுதான் ஆரம்பிப்பார்கள். 1923-இல் மேல் பிரிவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே ரியோ சாம்பியன். தோற்றது ஒரே ஒரு ஆட்டம், ஃபிளமெங்கோவிடம் 3-2.

“ஆகா, அதுவும் கோப்பைதானே!” என்று எதிரணி அக்கா கையைத் தூக்குகிறார். அக்கா, கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோப்பை கையில் இருந்தபோதுதான் கதவு சாத்தப்பட்டது.

1924-இல் ஃபுளுமினென்ஸே, ஃபிளமெங்கோ, பொட்டாஃபோகோ, அமெரிக்கா ஆகிய பெரிய கிளப்புகள் சேர்ந்து ‘அமேயா’ என்று புதிய சங்கம் தொடங்கின. வாஸ்கோவும் வரலாம், ஆனால் சொந்த மைதானம் சரியில்லை, அப்புறம் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வர வேண்டும் என்றார்கள். காரணம்? அவர்களுடைய ‘சமூக நிலை’யை விசாரித்தார்களாம். ஐயா, ‘நீ என்ன வேலை பார்க்கிறாய், உன் அப்பா என்ன வேலை பார்த்தார்’ என்று ஒருத்தர் குடைந்து குடைந்து கேட்டால் அவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டுமா?

1924 ஏப்ரல் 7. வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ், அமேயாவின் தலைவர் அர்னால்டோ கின்லேவுக்கு எழுதினார். எங்கள் மைதானம் சிறிதாக இருப்பதோ, அலுவலகம் எளிமையாக இருப்பதோ, எங்கள் உறுப்பினர்கள் ஏழைகளாக இருப்பதோ எங்களைத் தாழ்த்தி வைக்கக் காரணம் ஆகாது. அந்தப் பன்னிரண்டு பேரை விசாரித்தீர்கள். அவர்கள் சார்பில் பேச ஆள் இல்லை, வாதாட வாய்ப்பும் தரவில்லை. எங்களுக்காகப் போராடி வென்றவர்களைப் பலிகொடுத்துவிட்டு உங்கள் சங்கத்தில் சேருவது எங்களுக்கு அழகில்லை. ஆகவே சேரவில்லை. நான் என் வார்த்தையில் சொன்னேன். கடிதத்தின் சாரம் இதுதான். ‘மேதகு’ என்று விளித்து, ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல், முகத்தில் அறைகிற மாதிரி எழுதியிருக்கிறார்.

எதிரணி இங்கே மூன்று கேள்வி வைத்தது. நியாயமான கேள்விகள், மழுப்ப மாட்டேன்.

கறுப்பினத்தவரைச் சேர்த்த முதல் கிளப் வாஸ்கோ இல்லையே, ரியோவின் பாங்கு கிளப்பில் 1905-லேயே ஆடினார்களே என்றார்கள். சரிதான். யார் முதல் என்று நான் வாதாடவே இல்லை. ஆனால் 1924-இல் அமேயா கதவைத் திறந்தபோது பாங்கு உள்ளே போய் ஆடியது. வாஸ்கோ வெளியே நின்றது. சேர்த்துக்கொள்வது ஒன்று, சேர்த்தவனுக்காகத் தெருவில் நிற்பது இன்னொன்று.

கடிதத்தில் ‘கறுப்பு’ என்ற சொல்லே இல்லையே என்றார்கள். ஆமாம், இல்லை. தடை போட்டவன் மட்டும் அந்தச் சொல்லையா எழுதினான்? ‘சமூக நிலை’ என்றுதானே எழுதினான். அவன் எந்த மொழியில் பேசினானோ அதே மொழியில் பதில் போனது.

மூன்றாவதுதான் கொஞ்சம் குத்தியது. அவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை, கடை வைத்திருந்த போர்த்துகீசிய வியாபாரிகள், ஜெயிக்க ஆள் வேண்டும் என்பதற்காகச் சேர்த்தார்கள் என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆட்டக்காரர்களுக்குக் கடையில் வேலை என்று கணக்கெழுதி, பந்துதான் உதைக்கவிட்டார்கள். போர்த்துகீசியர் என்றாலே ரியோவில் அன்று கேலிதான், அந்த ரோஷமும் இருந்திருக்கும். ஆனால் நடுவர் அவர்களே, இது எதிரணிக்குத்தான் இடிக்கிறது. ஜெயிப்பதற்காக மட்டும் சேர்த்தவன், ஜெயித்து முடித்த பிறகு என்ன செய்வான்? லாப நஷ்டம் பார்த்து, பன்னிரண்டு பேரைக் கழற்றிவிட்டு, பெரிய சங்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். வியாபாரக் கணக்குப்படி அதுதான் சரி. அந்த வியாபாரிகள் நஷ்டக் கணக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். இதே கிளப் 1904-லேயே கலப்பினத்தவரான கான்டிடோ ஜோசே டி அராவுஜோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1924-இல் வாஸ்கோ, அமேயாவுக்கு முன்பிருந்த பழைய சங்கத்தின் லீகிலேயே ஆடி, தோல்வியே இல்லாமல் வென்றது. கூட்டமும் அதன் பின்னாலேயே போனது. கூட்டம் போகிற பக்கம் டிக்கெட் காசு போகும் அல்லவா? 1925-இல் கதவு திறந்துவிட்டது. ஆனாலும் ஆட்டத் தாளில் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும் என்று நெருக்கினார்கள். கிளப் தன் ஆட்டக்காரர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது. பஸ்கோவால் சினெல்லி என்று ஒரு ஆட்டக்காரர். சினெல்லி என்று எழுதக் கை வரவில்லையாம். சில்வா என்று பெயரையே மாற்றிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா. பந்து உதைப்பதற்காக ஒரு மனுஷன் அப்பன் பெயரை விட்டிருக்கிறான்.

மைதானம் சரியில்லை என்றார்கள் அல்லவா? உறுப்பினர்களிடமும் ரசிகர்களிடமும் காசு திரட்டி, 1926 ஜூனில் அடிக்கல் நாட்டி, 1927 ஏப்ரல் 21-இல் சாவ் ஜனுவாரியோ மைதானத்தைத் திறந்தார்கள். பத்தே மாதம்! நம்மூரில் அந்த நேரத்தில் டெண்டர்கூட முடியாது. மூன்று ஆண்டு கழித்து உருகுவேயின் மான்டெவிடியோவில் சென்டனாரியோ மைதானம் வரும்வரை தென் அமெரிக்காவிலேயே பெரிய மைதானம் அதுதான். திறப்பு விழாவில் சான்டோஸ் கிளப்பிடம் 5-3 தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி சொல்லிவிடுவார். 1940 மே தினத்தன்று குறைந்தபட்சக் கூலியை பிரேசில் அதிபர் வர்காஸ் அறிவித்தது இங்கேதான். கூலிக்காரர்களை நீக்கச் சொல்லி மிரட்டப்பட்ட கிளப்பின் வீட்டில்.

இப்போது பார்போசா. இவரைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். மொவாசிர் பார்போசா, கறுப்பர், 1948-இல் தம்பி சொன்ன அந்தக் கோப்பையை வென்ற அணியின் கோல்கீப்பர். 1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம், உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். உருகுவேயின் கிக்கியா அடித்த பந்து இவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் உள்ளே போனது. பிரேசில் 2-1 தோற்றது. அன்றிலிருந்து 2000-இல் சாகும்வரை நாடு அவரை மன்னிக்கவே இல்லை. இந்த நாட்டில் அதிகபட்சத் தண்டனை முப்பது வருஷம்தான், நான் ஐம்பது வருஷம் அனுபவித்துவிட்டேன் என்று அவரே சொன்னார். கோப்பையை மட்டும் எண்ணுகிற மனசு மனுஷனை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

அதே 1950-இன் ரியோ சாம்பியன்ஷிப்பில் வாஸ்கோ என்ன செய்தது தெரியுமா? நாடே தூற்றிய அதே பார்போசாவை அதே கம்பத்தின் கீழ் நிறுத்தியது. சாம்பியனும் ஆனது. இன்றைக்கு வாஸ்கோவின் பயிற்சி மையத்துக்குப் பெயர் மொவாசிர் பார்போசா. 1924-இல் எழுதிய கடிதத்தில் பன்னிரண்டு பேர். இவர் பதிமூன்றாவது ஆள்.

கோப்பை தந்த பெருமை எவ்வளவு நாள் நின்றது? 1998-இல் கண்டத்துக்கே சாம்பியன், பத்தே வருஷத்தில் 2008-இல் பிரேசில் லீகின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அப்புறம் 2013, 2015, 2020 என்று மறுபடி மறுபடி. மின்சார ரயில் பயணி மாதிரி ஏறி ஏறி இறங்கியது. அப்போதெல்லாம் அலமாரிக் கோப்பையா ரசிகனைப் பிடித்து வைத்திருந்தது? 2023-இல் ரசிகர் கலவரத்துக்குப் பிறகு மைதானத்தில் பார்வையாளர்களுக்குத் தடை வந்தது. பக்கத்தில் இருக்கிற பர்ரெய்ரா ஃபவேலாவையும், அதாவது குடிசைப் பகுதியையும், ஒரு காரணமாகச் சொன்னபோது, குடிசைக்குப் பக்கத்தில் இருப்பது குற்றமா என்று சண்டைக்கு நின்றார்கள். அந்தச் சண்டையில் ரசிகன் கையில் எடுத்தது 1948-ஐ அல்ல, 1924-ஐ.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரு சின்ன வேண்டுகோள். வாஸ்கோ சேர மறுத்த அந்த அமேயா சங்கமும் 1924-இல் ஒரு கோப்பை நடத்தியது, யாரோ வென்றார்கள். அது யார் என்று செல்போனைத் தொடாமல் இந்த மேடையில் சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.