எலிக்கு ஒரு ஆடிப்பெருக்கு! சின்ன வயசு வலிப்பு பிள்ளையோட ஞாபகத்தை என்ன பண்ணுது?

பால் கலந்த தண்ணியில ஒரு எலியை நீந்த விட்டாங்க. வலிப்பு வந்த சில பிள்ளைங்க பின்னாடி படிப்புல ஏன் தடுமாறுதுங்கன்னு அந்த எலிகிட்ட ஒரு துப்பு கிடைச்சது. தள்ளி விட்றாதீங்க, இரும்புச் சாவி சமாச்சாரமும் வருது.

வணக்கம் மக்களே!

(திரையில்: திருவையாறு படித்துறை, கலங்கலா ஓடுற புதுத்தண்ணி)

ஆடி மாசம். மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை தாண்டி வந்தாச்சு. கீழ்ப்படி எல்லாம் முழுகிப் போச்சு. வெளியூர்க்காரர் இறங்கினா காலால துழாவித் துழாவி நிப்பாரு. நம்ம ஊர்ப் பய? நடு ஆத்துலேர்ந்து நீந்தி வந்து, கண்ணுக்கே தெரியாத படியில டக்குனு கால் வைப்பான். அக்கரையில அரசமரம், இக்கரையில கோபுரம், ரெண்டுக்கும் நடுவுல நம்ம படின்னு அவன் மூளை கணக்குப் போட்டு வச்சிருக்கு.

1981-ல ரிச்சர்ட் மோரிஸ்ங்கிற விஞ்ஞானி எழுதின பரிசோதனையும் இதேதான். ஒரு வட்டத் தொட்டி. மன்னார்குடி ஹரித்ராநதி மாதிரி 23 ஏக்கர்னு நினைச்சுக்காதீங்க, ரெண்டு மீட்டர்கூட வராது. தண்ணியில பாலைக் கலக்கிட்டார். அடியில ஒரு சின்ன மேடை, வெளியே தெரியாது. முதல் நாள் எலி தத்தளிக்கும். அப்புறம் அறையில இருக்கிற அடையாளங்களை வச்சு, எந்தப் பக்கம் இறக்கி விட்டாலும் நேரா மேடைக்குப் போயிரும். மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதி பழுதான எலி மட்டும் சுத்திச் சுத்தி வரும்னு அடுத்த வருஷம் தெரிஞ்சுது. சித்ரான்னம் ஒண்ணுதான் குறை, மத்தபடி அது முழு ஆடிப்பெருக்கு!

ஹிப்போகேம்பஸ்னா மூளைக்குள்ள கடல்குதிரை மாதிரி சுருண்டிருக்கிற பகுதி. ஒவ்வொரு இடத்துக்கும்னு துடிக்கிற செல்கள் அங்க இருக்குன்னு 1971-ல ஜான் ஓ'கீஃப் சொன்னார், 2014-ல நோபல். அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

பிறந்து சில நாளான எலிக்குஞ்சுகளுக்குத் திரும்பத் திரும்ப வலிப்பு வர வச்சாங்க. பாவம்தான், எனக்கும் மனசு கேக்கல. வளர்ந்தப்புறம் தொட்டியில விட்டா, மேடையைக் கண்டுபிடிக்க மத்த எலிகளைவிட ரொம்ப நேரம் ஆகுது. மூளையை எடுத்துப் பார்த்தா செல் எதுவும் பெருசா சாகல! ஆனா நரம்பு இழைகள் கிளைச்சு, போகக் கூடாத பக்கம் போயிருக்கு. வலிப்பு கண்ட வேற எலிகள்ல அந்த இடச் செல்களும் நிலையா இல்லை. நேத்து அரசமரத்தடிக்குத் துடிச்ச செல் இன்னைக்கு வேற எங்கயோ துடிக்குது. டெல்டாக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். ஆத்துல தண்ணி இருக்கு, வாய்க்கால் இருக்கு, மடை மட்டும் மாறித் திறந்து கிடக்கு. நம்ம வயல் காயுது, பக்கத்து வயல் அழுகுது.

உடனே பயப்படாதீங்க அம்மாமார்களே. நம்ம பிள்ளை எலி இல்லை. 6 மாசத்துலேர்ந்து 5 வயசுக்குள்ள, நூத்துக்கு ரெண்டுலேர்ந்து அஞ்சு பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்ல வலிப்பு வரும். நம்ம ஆச்சிங்க ஜன்னின்னு சொல்வாங்களே, அது. சில நிமிஷத்துல அடங்கிட்டா, படிப்புக்கோ புத்திக்கோ ஒரு குறையும் இல்லைன்னு பல வருஷம் பின்தொடர்ந்தே பார்த்துட்டாங்க. அரை மணிக்கு மேல நீடிக்கிற வலிப்புதான் கவலை: அதுல சில பிள்ளைங்களுக்கு ஸ்கேன்ல ஹிப்போகேம்பஸ் வீங்கித் தெரியுது.

இரும்புச் சாவி? சாவி பூட்டைத்தான் திறக்கும். கையில திணிக்காதீங்க, வாயில ஸ்பூன் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு மணியைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108.

திரும்பத் திரும்ப வலிப்பு வர்ற பிள்ளைங்க கதை வேற. புத்திசாலியா இருந்தாலும் கவனமும் ஞாபகமும் தடுமாறலாம். வலிப்பு, அதுக்கான மூலக் காரணம், மாத்திரை, கெட்டுப் போற தூக்கம், இதுல எது எவ்வளவுன்னு பிரிக்கிறது லேசு இல்லை. என் அத்தை மகனை ஒரு வாத்தியார் மூணு வருஷம் 'மந்தம்'னே கூப்பிட்டார். அவனுக்கு வாய்ப்பாடு நிக்காது, டியூஷன்லேர்ந்து வீட்டுக்கு வர்ற வழியும் குழம்பும். அப்ப எங்க யாருக்கும் அவனுக்குச் சின்ன வயசுல வந்த வலிப்பு ஞாபகத்துக்கே வரலை. திட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்.

சரி, கமென்ட்ல சொல்லுங்க: உங்க ஊர் படித்துறையில மொத்தம் எத்தனை படி? எண்ணிப் பார்க்காம சொல்லணும்!