நம்பைக்கு ஒரு தனி அறை

வணக்கம். இன்று என் முகத்தைவிடக் கணினித் திரைதான் அதிகம் தெரியும். பைத்தான் மொழியில் எண் கணக்குகளுக்கு உதவும் நம்பை நூலகத்தை நிறுவப் போகிறோம். “பைத்தானின் நிறுவும் கருவியான பிப் இருக்கிறதே, பிப் இன்ஸ்டால் நம்பை என்று அடித்தால் முடிந்தது, இதற்கு ஒரு வீடியோவா?” என்று கேட்பீர்கள். அன்றைக்கு முடிந்துவிடும், உண்மைதான். சிக்கல் சில மாதங்கள் கழித்து வரும்.

எனக்கு 2024 ஜூனில் வந்தது. மழை அளவுகளை அலசும் பழைய நிரல் ஒன்றை வைத்திருக்கிறேன். வேறொரு வேலைக்காக நம்பையைப் புதுப்பித்தேன். அப்போதுதான் வெளியாகியிருந்த 2.0 பதிப்பு வந்து உட்கார்ந்தது. மறுநாள் மழை நிரல் தொடங்கவே இல்லை. நம்பை 1 வரிசைக்காகக் கம்பைல் செய்த தொகுப்பு 2.0இல் ஓடாது என்று ஒரு நீளமான பிழைச் செய்தி.

ஏன் இப்படி? நம்பையை நாம் அழைப்பது பைத்தானில். கணக்குப் போடுவதோ உள்ளே இருக்கும் சி மொழி நிரல். நம்பையை நம்பியிருக்கும் பல தொகுப்புகள் அந்த உள் அமைப்பை நேரடியாகத் தொடுகின்றன. சொந்த வீட்டில் விளக்குப் போடாமல் நடப்போமே, அதுபோல. ஒருநாள் சுவரை நகர்த்திக் கட்டினால் மோதத்தான் செய்வோம். 2006இல் 1.0 வந்த பிறகு அப்படிச் சுவரை நகர்த்திய முதல் பெரும் பதிப்பு 2.0. அதை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். நான்தான் எல்லா வேலைகளையும் ஒரே பைத்தானுக்குள் அடைத்து வைத்திருந்தேன்.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சூழல், அதாவது தனக்கென்று நூலகங்களை வைத்துக்கொள்ளும் ஓர் அறை. அப்படிச் சூழல்களைக் கட்டி, தொகுப்புகளையும் நிறுவித் தரும் கொண்டா என்ற கருவியை நான் பயன்படுத்துகிறேன். பெயரைத் தமிழ்க் காதால் கேட்டுப் பாருங்கள், “கொண்டா!” செய்யும் வேலையும் அதுவே. நம்பையின் மேல் கட்டிய அறிவியல் கணக்கு நூலகமான சைப்பையைக் கேட்டால் சைப்பையோடு நிற்காது. அதற்கு அடியில் வேண்டிய ஓப்பன்பிளாஸ் போன்ற கணித நூலகங்களையும், ஃபோர்ட்ரான் என்ற மொழியில் எழுதிய நிரல் ஓடத் தேவையானவற்றையும் சேர்த்தே கொண்டுவரும்.

திரையைப் பாருங்கள். ‘மழை’ என்ற பெயரில் புதிய சூழல், கொண்டாவுக்கான தொகுப்புகள் கிடைக்கும் கொண்டா-ஃபோர்ஜ் தடத்திலிருந்து பைத்தான் 3.11, நம்பை 2க்குக் கீழ், சைப்பை. மூன்றையும் ஒரே கட்டளையில் கேட்கிறேன். அப்போதுதான் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளை ஒரே கணக்காகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். ‘நம்பை<2’ என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறேன், கவனியுங்கள். குறி இல்லாவிட்டால் முனையம் அந்த ‘<’ அடையாளத்தைக் கோப்பிலிருந்து படிக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும்.

பிப் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நம்பையும் சைப்பையும் மட்டும் போதும் என்றால், பைத்தானோடு வரும் வென்வ் என்ற கருவியால் கட்டிய சூழலும் பிப்பும் தாராளமாகப் போதும். விண்டோஸில் சைப்பைக்கு முன்பு பெரும் பாடு, 2017இல் 1.0 வந்தபோது நாம் கம்பைல் செய்யத் தேவையில்லாத ஆயத்த ‘வீல்’ கோப்பும் கூடவே வந்து அந்தப் பாடு தீர்ந்தது. செயற்கைக்கோள் படங்களுக்கான ஜீடால் போன்ற சி++ நூலகம் தேவைப்படும் இடத்தில்தான் கொண்டாவின் அருமை தெரியும்.

இரண்டையும் கலக்க நேர்ந்தால் கொண்டா முதலில், பிப் கடைசியில். பிப் வந்த பிறகு மறுபடியும் கொண்டாவால் எதையும் நிறுவாதீர்கள். பிப் வைத்ததைக் கணக்கில் கொள்ளாமல் அதன்மேலேயே எழுதிவிடக்கூடும். வேறு ஏதாவது தேவைப்பட்டால் சூழலை அழித்துப் புதிதாகக் கட்டுங்கள், சில நிமிட வேலைதான்.

அழிக்கப் பயப்படாமல் இருக்க ஒரு பட்டியல் வேண்டும். ‘கொண்டா என்வ் எக்ஸ்போர்ட்’ கட்டளையோடு ‘ஃப்ரம் ஹிஸ்டரி’ சேர்த்தால், நாம் வாய்விட்டுக் கேட்டவை மட்டும் கோப்பில் பதியும். அந்தக் கோப்பை நிரலோடு வைத்துவிடுங்கள்.

நிறுவி முடித்துவிட்டது. சூழலுக்குள் போகிறேன், பதிப்பு கேட்கிறேன்... 1.26.4. இப்போது மழை நிரல். ஓடுகிறது, வரைபடமும் வந்துவிட்டது. அடுத்த வீடியோவில் இதே சூழலின் பக்கத்தில் ஜீடாலுக்கு இன்னொன்று கட்டுவோம்.