சிங்கப்பூரின் சீனமொழிப் பள்ளிகள் எப்படிக் காலியாயின?

(திரையில்: 45.9 விழுக்காடு. அடுத்து, 11.2 விழுக்காடு.)

1959ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளில் 45.9 விழுக்காட்டினர் சீனமொழிப் பள்ளிகளுக்குச் சென்றனர். 1978இல் அது 11.2 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. பள்ளிகளை மூடச் சொல்லி ஆணை எதுவும் வராமலேயே வகுப்புகள் காலியான கதையை, அந்த ஆண்டுகளில் கணக்குப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியரின் நினைவுகள் வழியே பார்ப்போம். என் அண்டை வீட்டுக்காரரான அவர் பெயர் சொல்ல வேண்டாம் என்றதால், 'லாவ்ஷி' என்றே அழைப்போம். சீனத்தில் அதற்கு ஆசிரியர் என்று பொருள்.

(திரையில்: நன்யாங் பல்கலைக்கழக நுழைவாயில்.)

லாவ்ஷியின் இளமை நினைவுகளில், சீனமொழியில் பாடம் நடத்திய நன்யாங் பல்கலைக்கழகமே பெரிதாக நிற்கிறது. ரப்பர் வணிகர் டான் லார்க் சை 50 லட்சம் வெள்ளி தந்து தொடங்கிவைத்த நிதிக்கு டிரைஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுநர்களும் தங்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். 1956இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. அதே ஆண்டு வெளியான, சீனக் கல்வி பற்றிய அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்றது.

சமம் என்ற சொல் தாளில் இருந்தது. வேலைவாய்ப்போ ஆங்கிலத்தின் பக்கம் இருந்தது. இரண்டாம் மொழி தொடக்கப்பள்ளிகளில் 1960இலும் உயர்நிலைப்பள்ளிகளில் 1966இலும் கட்டாயமானது. தொழிற்சாலைகளும் பன்னாட்டு நிறுவனங்களும் பெருகப் பெருக, பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளின் வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் வகுப்பில் சில மேசைகள் மிஞ்சின என்கிறார் லாவ்ஷி. பெற்றோரைக் குறைசொல்ல அவருக்கு வாய் வரவில்லை; சீனப் பள்ளியின் பெருமையை மேடையில் பேசிய அவரே தம் மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

இடையில் எழுத்தும் மாறியது. 1969இல் தொடங்கிய எளிய வரிவடிவ மாற்றத்தில், 'கற்றல்' என்னும் எழுத்து 16 கோடுகளிலிருந்து 8 கோடுகளானது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள், கரும்பலகையில் பழக்கத்தால் பழைய வடிவத்தை எழுதிய ஆசிரியர்கள்தாம் திருத்தப்பட்டார்கள்.

(திரையில்: 1979, 1980, 1983.)

அதன்பின் முடிவுகள் விரைந்து வந்தன. 1979இல் ஒன்பது சீன உயர்நிலைப்பள்ளிகள், ஆங்கிலம், சீனம் இரண்டையும் முதல்மொழி நிலையில் கற்பிக்கும் சிறப்பு உதவித் திட்டத்தின்கீழ் வந்தன. 1980இல் நன்யாங், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதைத்தான் லாவ்ஷியால் இன்றும் ஆற முடியவில்லை. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழியாகும் என்ற அறிவிப்பு 1983இல் வெளியானது. தமிழருக்கும் இது புதிதல்ல. கடைசித் தமிழ் உயர்நிலைப்பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இலேயே மூடப்பட்டிருந்தது.

நாற்பது வயதைக் கடந்த லாவ்ஷி, பின்னம், வகுத்தி, மீதி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை மாலை வகுப்பில் மனப்பாடம் செய்தார். என் பார்வையில், இந்தக் கொள்கை மாற்றத்தின் விலையை அதிகம் செலுத்தியவர்கள் மாணவர்கள் அல்லர், அவரைப் போன்ற ஆசிரியர்களே. பள்ளியின் பெயர்ப்பலகையில் சீன எழுத்துகள் அப்படியே இருக்க, உள்ளே அவர் கணக்கை ஆங்கிலத்தில் நடத்தினார். விடைத்தாள் திருத்தும் இரவுகளில் மட்டும் கை தன் போக்கில் சீனத்தில் குறிப்பெழுதிவிடும். அதை அடித்துவிட்டு, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதுவாராம்.